முழு ஒட்டு

புயல் இன்னும் கடலில்தான் இருந்தது. ஆனால் அதன் செய்தி அன்று காலையிலேயே ஆற்றோரத் தெருவுக்கு வந்துவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று வந்து, அணை நிரம்பிவிட்டது, நாளை சாயங்காலம் தண்ணீரைத் திறந்துவிடப் போகிறார்கள், அதற்குள் எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனது. சொன்னவன் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. பழைய பேப்பர் வாங்குகிறவன்கூட இதைவிட அக்கறையாகக் கூவுவான்.

வண்டி முனை திரும்பியதும் தெருவில் பாதிப் பேர் மளிகைக் கடைக்கு ஓடினார்கள். மீதிப் பேர் வெல்டிங் பட்டறைக்கு வந்தார்கள்.

அந்தத் தெருவின் ஜன்னல்களில் இருந்த கிரில் அத்தனையும் பட்டறைக்காரரின் கைவேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் திருட்டுப் போனபோது, எல்லோரும் இவரிடம்தான் வந்து ஜன்னலை அடைக்கச் சொன்னார்கள். இப்போது அதே ஆட்கள் வந்து, அந்தக் கிரில்லில் ஆள் வெளியேறுகிற மாதிரி ஒரு கதவு வைத்துத் தரச் சொன்னார்கள். மனுஷனை ஒரு நேரத்தில் ஒரு பயம்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

"பின்பக்கம் மட்டும் போதும். கீல் வச்சு, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக் குடுத்துரு," என்றார் பால் டிப்போக்காரர். "பூட்டெல்லாம் வேணாம். தண்ணி வர்ற நேரத்துல சாவியை எவன் தேடுறது?"

"சரி."

"இன்னிக்கே முடியுமா?"

"கரண்டு இருக்கிற வரைக்கும் செய்றேன்."

"உன் வேலை எப்பவுமே பழுதில்லப்பா," என்று டிப்போக்காரர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பட்டறைக்காரர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு அடுத்த கம்பியை வெட்டப் போய்விட்டார்.

டிப்போக்காரர் நாக்கைக் கடித்ததற்குக் காரணம் உண்டு. பட்டறைக்காரருக்குத் தெரு வைத்திருந்த பட்டப்பெயர் 'நாலு பொட்டு'. கிரில்லைச் சட்டத்தோடு சேர்க்கும்போது, சுற்றிலும் முழுசாக வெல்டிங் ஒட்டு போட வேண்டும். இவர் நாலு மூலையிலும் நெற்றிக்கு வைக்கிற மாதிரி ஒரு பொட்டு வைப்பார். மீதி இடுக்கையெல்லாம் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார். ஒட்டுகிற ராடு மிச்சம், கரண்டு மிச்சம், நேரம் மிச்சம். பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கெட்ட மனுஷர் இல்லை. எல்லாப் பட்டறையிலும் செய்கிறதுதானே என்று செய்தார், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்தது. பட்டப்பகல். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போயிருந்த நேரம். வாசல் வழியாகத் தண்ணீர் சுவர் மாதிரி வர, ஜனங்கள் பின்கட்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். கிரில்லை உதைத்தார்கள். நாலு பொட்டு நாலு உதையில் விட்டுக்கொடுத்தது. பதினேழு வீடுகளில் கிரில் கழன்று விழ, பதினேழு வீட்டு ஜனமும் அந்த வழியாக ஏறி, பக்கத்து மாடிகளில் தொற்றிக்கொண்டு பிழைத்தது. பெருமூச்சு விட்டு, சிரித்து, அவருடைய திருட்டு வேலைக்குக் கும்பிடு போட்டார்கள்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் கிரில் அசையவில்லை. அது அவருடைய அக்கா வீடு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் படுத்திருந்தாள். தண்ணீர் புகுந்த வேகத்தில் பீரோ சாய்ந்து அறைக் கதவை அடைத்துக்கொண்டது. இருந்த ஒரே வழி ஜன்னல். எதிர்மாடியிலிருந்து இரண்டு பேர் நீந்திப் போய் வெளியிலிருந்து உதைத்துப் பார்த்தார்கள். அதில் ஒருவர் டிப்போக்காரர். 'உன் கிரில்தானேன்னு தைரியமா உதைச்சேன்பா. இம்மிகூட அசையல,' என்று அன்றைக்குச் சாயங்காலம் பட்டறைக்காரரிடம் அவர்தான் அழுதுகொண்டே சொன்னார்.

அசையாதுதான். கூடப் பிறந்தவளுக்குச் செய்கிற வேலை என்று, உள்ளே பொள்ளலாக இல்லாத கெட்டிச் சதுரக் கம்பியாகப் பார்த்து எடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து, சட்டம் முழுக்கச் சுற்றி ஒட்டியிருந்தார். வாழ்க்கையில் அவர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அது.

அக்கா செத்த பிறகும் அவர் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள் பட்டறையைத் திறந்தார். கழன்ற கிரில்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தபோது, 'பழையபடி நாலு பொட்டே போதும்பா,' என்றார்கள். வைத்துக் கொடுத்தார். பசித்தால் சாப்பிட்டார். தூக்கம் வந்தால் தூங்கினார். உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போய், தட்டினால் சத்தம்கூட வராமல் கிடந்தது. அக்கா வீடு பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி, ஆற்றோரத்தில்தான். அந்தப் பக்கம் போகவே இல்லை. அக்கா புருஷனை எங்கேயாவது பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவரும் அதேபோல் ஆட்டுவார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது வீடு தலைகீழாகக் கிடந்தது. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்று பரணில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். போன வெள்ளம் அவளுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருந்தது. அரிசியும் பருப்பும் மூடி இறுகின டப்பாக்களுக்குப் போயிருந்தன. வீட்டுப் பத்திரமும் மாத்திரைச் சீட்டும் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போய், பையின் வாய் மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டப்பட்டிருந்தது. போன தடவை மிதந்து மூன்றாவது தெருவுக்குப் போன கேஸ் சிலிண்டரை, இந்தத் தடவை சங்கிலி போட்டு ஜன்னலோடு கட்டியிருந்தாள்.

"அந்த மெத்தையைச் சுருட்டித் தாங்க. அப்படியே அந்தக் கயித்தையும்."

எடுத்துக் கொடுத்தார்.

"உப்பு டப்பாவை மேல வச்சாச்சா? இல்ல, அந்தா இருக்கு. அதையும் குடுங்க. போன தடவை உப்பில்லாம நாலு நாள் தின்னோமே, பத்தியக்காரங்க மாதிரி."

கொடுத்தார். தரையில் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிற பை திறந்திருந்தது. ரொட்டி, பிஸ்கட், அவித்த உருளைக்கிழங்கு, டார்ச், இரண்டு போர்வை. ஓரத்தில் தட்டுகள். எண்ணிப் பார்த்தார்.

"நாலு தட்டு எதுக்கு? பையன் வெளியூர்ல இருக்கான். நாம ரெண்டு பேர்தானே?"

"அண்ணனும் பாப்பாவும் எதுல சாப்பிடுவாங்க? கையிலயா?"

அக்கா புருஷனையும் அக்கா மகளையும்தான் சொன்னாள். அவள் ஸ்டூலை விட்டு இறங்கி, எதிரே வந்து நின்றாள்.

"பாருங்க, ரெண்டு வருஷமா நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நீங்க அங்க போகல, சரி. அவரும் இங்க வரல, சரி. பாப்பா மட்டும் உங்களுக்குத் தெரியாம கடைத்தெருவுல என்னைப் பார்த்து அழுதுட்டுப் போகும். ஆனா இப்ப தண்ணி வருது. அந்த வீடு நம்ம வீட்டை விடப் பள்ளம். அண்ணன் கிளம்புவாரா மாட்டாரான்னு யாரு போய்க் கேக்குறது?"

"கிளம்பாம என்ன? சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா இழுத்துட்டு வந்துரலாமே," என்றாள். "சாப்பாடு அடுப்புல இருக்கு. நானே போட்டா உங்களுக்கு இறங்காது. போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டு சாப்பிட்டார். என்ன குழம்பு என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

நாலு மணிக்கு அக்கா மகள் பட்டறைக்கு வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வேலை உடுப்போடு, மழைத்தூறலில் நனைந்து வந்திருந்தாள். உள்ளே வராமல் தகரக் கூரை விளிம்பிலேயே நின்றாள். பட்டறைக்காரர் மெஷினை நிறுத்தினார்.

"உள்ள வா. நனையுற."

"இருக்கட்டும் மாமா. அப்பா கிளம்ப மாட்டேங்கிறாரு."

"ஏன்?"

"தெரியல. கட்டிலைப் பின்னறைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அந்த ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கிரில்லை வெட்டினாத்தான் வருவாராம்."

"வெட்ட ஆளு இல்லையா?"

"மேட்டுத் தெரு வெல்டிங்காரரைக் காலைலயே கூட்டிட்டு வந்தேன். அப்பா அவரை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு. ஒட்டினவன் வந்து வெட்டட்டும்னு சொல்லிட்டாரு."

பட்டறைக்காரர் கையிலிருந்த கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நானும் கேட்டுப் பார்த்தேன் மாமா. வீட்டை விட்டுத்தானே போறோம், காலி வீட்டு ஜன்னலை எதுக்குப்பா வெட்டணும்னு. பதிலே சொல்லல. அவரை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? நானும் அங்கதான் இருப்பேன்."

அவள் மிரட்டவில்லை. ரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் 'கொஞ்சம் வலிக்கும்' என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

"இங்க இன்னும் மூணு கதவு பாக்கி இருக்கு," என்றார் அவர். சொன்னது தனக்கே கேவலமாகத்தான் இருந்தது.

"சரி மாமா," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மூன்று கதவையும் செய்து முடித்தார். மூன்றாவதற்குக் கீல் ஒட்டும்போது, பொட்டு வைத்தோமா முழுசாக ஒட்டினோமா என்று அவருக்கே நினைவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தார். முழுசாக ஒட்டியிருந்தார். தாழ்ப்பாளை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் ஊருக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி எழுந்து வாசலுக்கு வந்தபோது, அவர் பையில் ரம்பச் சட்டத்தையும் ஒரு கட்டு பிளேடையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் எங்கே என்று கேட்கவில்லை. பிளாஸ்க்கில் டீ ஊற்றி அந்தப் பையிலேயே வைத்தாள்.

"பன்னெண்டு மணிக்குள்ள மூணு பேருமா வந்துருங்க," என்றாள். "பள்ளிக்கூடத்துல சுவரோரமா இடம் பிடிக்கணும். லேட்டாப் போனா கக்கூஸ் பக்கம்தான் கிடைக்கும்."

அக்கா வீட்டு வாசலில் செருப்பை விட்டபோது கால் ஒருமுறை நின்றது. கால்தான் நின்றது, மனசுக்குள் ஒன்றும் ஓடவில்லை. அக்கா மகள் கதவைத் திறந்தாள். கூடத்தில் எல்லாம் மூட்டை கட்டியிருந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் போன தண்ணீரின் கறை அப்படியே இருந்தது. வெள்ளையடிக்கவில்லை.

பின்னறையில் அத்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பே ஒல்லி, இப்போது சட்டை மாட்டின ஹேங்கர் மாதிரி இருந்தார்.

"வா மாப்ள," என்றார், நேற்றுப் பார்த்துவிட்டு இன்று பார்க்கிற மாதிரி. "கரண்டு இல்லையே?"

"ரம்பம் கொண்டாந்திருக்கேன் அத்தான்."

"கெட்டிக் கம்பி. கையால ஆகுமா?"

"ஆகும். நேரம் பிடிக்கும்."

பட்டறைக்காரர் ஜன்னலுக்குப் போனார். நாலடி அகலம். பதினொரு கம்பி. கம்பிக்கும் கம்பிக்கும் நாலு அங்குலம். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் தன் வேலையைப் பார்த்தார். துரு ஏறியிருந்தது. ஒட்டு மட்டும் ஒரு இடத்திலும் விரிசல் விடவில்லை. அவருக்கு அதை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. நடுக்கம்பியின் மேல்முனையில் பிளேடை வைத்து இழுக்க ஆரம்பித்தார்.

ஒரு வெட்டுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. இரும்புத் தூள் மணிக்கட்டில் ஒட்டியது. முதல் கம்பி முடிவதற்குள் ஒரு பிளேடு முறிந்தது. அத்தான் எழுந்து வந்து, கம்பி ஆடாமல் இருக்கக் கையால் பிடித்துக்கொண்டார்.

"நகருங்க அத்தான். கை சுட்டுரும்."

"சுடட்டும். நீ அறு."

கை மாற்றும்போது அத்தான் ரம்பத்தை வாங்கிக்கொண்டார். டிரைவர் கை, இழுப்பு சீராக இருந்தது.

"அத்தான்," என்றார் பட்டறைக்காரர், கம்பியைப் பிடித்தபடி. "மத்த வீட்டுக்கெல்லாம் நாலு பொட்டுதான் வச்சேன். இங்க மட்டும்தான்…"

"தெரியும்."

"டிப்போக்காரர் சொன்னாரா?"

"அவ சொன்னா. நீ ஒட்டிட்டுப் போன அன்னிக்கே. ஊரை ஏமாத்துறான், என்னை ஏமாத்த மாட்டான் என் தம்பின்னு, வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் இந்த ஜன்னலைக் காட்டுவா. எனக்கே அலுத்துப்போச்சு."

ரம்பம் நிற்கவில்லை.

"என்மேல உங்களுக்குக் கோவம் இருக்கும்."

"இருந்துச்சு. ஒரு வருஷம் இருந்துச்சு. அப்புறம் அதுவும் போயிருச்சு. கோவம் போனா நல்லா இருக்கும்னு நினைச்சேன். ஒண்ணுமே இல்லாமப் போச்சு." அத்தான் தூளை ஊதிவிட்டார். "அன்னிக்கு எனக்கு வண்டியில தகவல் வந்துச்சு மாப்ள, தெருவுல தண்ணின்னு. நாப்பத்திரெண்டு பேரு உள்ள உக்காந்திருந்தாங்க. வண்டியைப் போட்டுட்டு ஓடியாந்திருக்கலாம். பஸ் டெப்போ வரைக்கும் ஓட்டிட்டுப் போய், கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். நீயும் ஒழுங்கா வேலை செஞ்ச, நானும் ஒழுங்கா வேலை செஞ்சேன்."

பட்டறைக்காரர் ரம்பத்தை வாங்கி மிச்சத்தை அறுத்தார்.

அக்கா மகள் பிளாஸ்க் டீயை மூன்று தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஜன்னல் விளிம்பில் வைத்துக் குடித்தார்கள். தெருவில் சனம் மூட்டையும் முடிச்சுமாக மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தையல் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு போனார்.

மூன்றாவது கம்பி கழன்றபோது மணி பத்தரை. முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்கினார். பட்டறைக்காரர் அக்கா மகளைப் பார்த்தார்.

"நுழைஞ்சு பாரு பாப்பா."

அவள் தலையைக் கொடுத்து, தோளைச் சாய்த்து, ஒரே மூச்சில் வெளித்திண்டில் இறங்கி, மழையில் நின்றாள். அதே வழியாகத் திரும்பி வந்தாள். சட்டையில் எங்கும் சிக்கவில்லை.

"முடிஞ்சுது," என்று பட்டறைக்காரர் ரம்பத்தைப் பைக்குள் போட்டார். "கதவு வைக்க இப்பக் கரண்டு இல்ல. வெள்ளம் வடிஞ்சதும் வந்து வச்சுத் தரேன். கிளம்புங்க அத்தான். என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்துல இடம் பிடிச்சுட்டுக் காத்திருக்கா."

அத்தான் அந்த இடைவெளியின் முன்னால் நின்று பார்த்தார். கையை விரித்து, ஒரு கம்பியிலிருந்து மறு கம்பி வரை வைத்துப் பார்த்தார்.

"பத்தாது," என்றார்.

"பதினாறு அங்குலம் இருக்கு அத்தான். பாப்பா வந்துட்டா. நீங்க அவளை விட ஒல்லி. தாராளமா வரலாம்."

"நாங்க ரெண்டு பேரும் வாசல் வழியாத்தான் போகப்போறோம் மாப்ள. செருப்பைப் போட்டுக்கிட்டு, குடையைப் பிடிச்சுக்கிட்டு."

"பின்ன?"

"உங்க அக்கா எப்படி வருவா?"

அக்கா மகள் சுவரோடு சாய்ந்தாள். மழை உள்ளே அடித்துக் கட்டில் விளிம்பை நனைத்தது. யாரும் கட்டிலை நகர்த்தவில்லை.

"தண்ணி வருது," என்றார் அத்தான். அவர் குரல் உயரவில்லை. "போன தடவை மாதிரி அவளை உள்ள வச்சு அடைச்சுட்டு நாம மூணு பேரும் மேட்டுல போய் உக்காந்துக்க முடியாது. என்னால முடியாது. அவ வர்ற அளவுக்கு வெட்டு. அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்."

பட்டறைக்காரர் பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார். அக்கா நல்ல கனமான உடம்புக்காரி. பஸ்ஸில் ஒரு சீட்டும் கால் சீட்டும் வேண்டும் என்று இந்த டிரைவரே கேலி செய்வார். பட்டறைக்காரர் நாடாவை ஜன்னலில் வைத்தார். அத்தான் வந்து நாடாவின் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தாறு இருந்தா வந்துருவா," என்றார் அத்தான்.

பட்டறைக்காரர் இல்லை என்று தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் இறங்கி மூக்கு வழியாக நாடாவில் சொட்டியது. அவர் அதைத் துடைக்காமல், பென்சிலை இன்னும் தள்ளி வைத்துக் கோடு போட்டார்.

"முப்பதா வச்சுக்குவோம் அத்தான்," என்றார். "நனைஞ்ச துணியோட வரணும்ல."